சுங்கைப்பட்டாணி முழுவதும் உட்காரக்கூடிய திடல்

அன்புள்ள அண்ணாவுக்கு, செலின் எழுதுவது. அம்மா சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். வழக்கமாக அம்மா நான்கு வரி சொல்வார், மீதியை நானே நிரப்புவேன். எல்லாரும் சுகம் என்று எழுதுவேன், சுகமில்லாத வாரத்திலும். இன்று அப்படி முடியாது. "நான் சொல்றத சொன்னபடி எழுதணும், உன் சாமர்த்தியத்த இதுல காட்டாத" என்று அம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஆகவே கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று உறுதி கூறுகிறேன். அம்மாவின் பேச்சை எழுத்துத் தமிழாக்குவது மட்டுமே என் வேலை. இனி 'நான்' என்று வருவதெல்லாம் அம்மாதான். நான் குறுக்கிட வேண்டி வந்தால் அடைப்புக்குறிக்குள் வருவேன்.

அந்தோணி, ராசா, விடுதியிலிருந்து நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில் கைக்கு வந்தது. இருட்டோடு நாங்கள் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்க, கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும்போதுதானே தபாலையும் கொடுப்பார். வாளியும் கத்தியும் கையில், உன் கடிதம் ரவிக்கைக்குள். அன்று எந்த ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது. செலின் பள்ளி விட்டு வந்ததும் மூன்று முறை படிக்கச் சொன்னேன். கடிதத்தோடு நீ வைத்து அனுப்பிய படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம்.

அமெரிக்காவில் இரண்டு இடம் கிடைத்திருக்கிறது, உபகாரச் சம்பளம் தருபவர்கள் எதற்குப் போனாலும் சரி என்கிறார்கள், மாத முடிவுக்குள் ஒன்றின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஒன்று பெரிய பல்கலைக்கழகம். அதன் காற்பந்துத் திடலில் சுங்கைப்பட்டாணி முழுவதையும் கொண்டுபோய் உட்காரவைத்தாலும் பீடோங்குக்கும் இடம் மிச்சம் இருக்குமாம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் கிழவர் முதல் கைக்குழந்தை வரை ஒரே நிறத்தில் உடுத்திக்கொள்கிறார்கள். பந்து மட்டும் முட்டை மாதிரி இருக்கிறது. மற்றது சோளக்காட்டு நடுவில் ஒரு சின்னக் கல்லூரி. வகுப்பில் பன்னிரண்டு பேர், பேராசிரியரே மாணவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவாராம். உனக்கு முன்னால் போன ஒருவர், பெரிய இடத்தில்தான் கல்லூரி வாழ்க்கையே இருக்கிறது என்கிறார். இன்னொருவர், அங்கே நீ வெறும் எண் என்கிறார். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. நீ கடைசியில் எழுதியிருந்த வரிதான் என்னை மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "நான் விளையாட்டுக்காரன் இல்லை. என்னை யாரும் எந்தக் குழுவுக்கும் எடுத்ததில்லை. அதனால் சின்ன இடமே எனக்குச் சரி என்று நினைக்கிறேன். அம்மா என்ன சொல்கிறீர்கள்?"

நான் என்ன சொல்வது? பல்கலைக்கழகத்தை நான் படத்தில்தான் பார்த்தேன். ஆனால் சின்ன இடத்திலும் பெரிய இடத்திலும் வாழ்ந்திருக்கிறேன். பெரிய இடத்துக்கு எங்களைக் கூட்டி வந்ததும் காற்பந்துதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுங்கை லாலாங் பக்கத்தில் நாம் முதலில் இருந்த தோட்டம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. ஐம்பது வீடுகூட இல்லை. ஒருநாள் காய்ச்சலில் நான் பெரட்டுக்குப் போகவில்லை. அரை மணி நேரத்தில் கங்காணியின் பெண்சாதி கஞ்சிச் சட்டியோடு வாசலில் நின்றாள். பள்ளியில் ஒரே வாத்தியார், ஒரே அறையில் எல்லா வகுப்பும். நீ ஒருநாள் வரவில்லை என்றால் மாலையில் அவரே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். உன் பேராசிரியர் சாப்பிடக் கூப்பிடுவார் என்று படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. அந்த மாதிரி இடத்தில் ஒருவன் காணாமல் போக முடியாது.

ஆனால் அதே இடத்தில் ஒருவன் மாறவும் முடியாது. பள்ளிக்குப் போன முதல் நாள் நீ அழுதாய். எல்லாப் பிள்ளையும்தான் அழும். ஆனால் உனக்கு மட்டும் 'அழுமூஞ்சி அந்தோணி' என்று பேர் விழுந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தாய். நான் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது எதிர்வீட்டுக்காரி கத்தினாள்: "ஏய், கேட்டியா, நம்ம அழுமூஞ்சி மொதலா வந்திருக்காம்லா!" பிரியத்தோடுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினேன். அங்கேயே இருந்திருந்தால் உனக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதும் அந்தப் பேரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த வருடம்தான் இந்தப் பெரிய தோட்டத்து ஆட்கள் உன் அப்பாவின் ஆட்டத்தை எங்கேயோ பார்த்துவிட்டு, எங்கள் குழுவுக்கு வா, வேலையும் வீடும் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். எனக்கு இஷ்டமில்லை. "பந்து ஒதைக்கிறதுக்காக யாராச்சும் வீடு மாறுவாங்களா?" என்று கேட்டேன். "அவங்க லோரியே அனுப்புறாங்க லா" என்றார் உன் அப்பா. அதுதான் அவருடைய பதில் முழுவதும். லோரி வந்தது. கோழிகளைக்கூடக் கூடையோடு அவர்களே ஏற்றினார்கள்.

இங்கே வந்த முதல் மாதம் நான் அழாத நாள் குறைவு. பெரட்டில் நான் நூற்று நாற்பத்திரண்டாம் எண். வராதவர்களுக்குக் கிராணி ஒரு கோடு போடுவார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். கஞ்சிச் சட்டி எதுவும் வரவில்லை. உன் பள்ளியில் வாத்தியாருக்கு உன் பெயர் தெரிய ஒரு வருடம் ஆயிற்று. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நீ முதல் நாள் அழுதவன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. மாலையில் திடலில் ஓட ஆரம்பித்தாய். சின்னத் தோட்டத்தில் யாரும் பார்த்திராத ஓட்டம். முழங்காலில் காயத்தோடு வந்து, "அம்மா, என்னைத் தொரத்திப் பிடிக்க ஒருத்தனாலயும் முடியல" என்று சொன்னாய். எண்ணாக இருப்பதில் இப்படி ஒரு சுகமும் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எனக்கும் ஒன்று நடந்தது. உன் அப்பாவின் முதல் ஆட்டத்துக்குப் பக்கத்து வீட்டு ஞானம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு லயத்து வீட்டு வரிசை ஆட்களும், வெளித் தோட்டத்திலிருந்து லோரிகளில் வந்தவர்களும் கூடியிருந்தார்கள், பெண்கள் பிஸ்கட் தகரங்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் என்றாலே எனக்குப் பயம். உன் அப்பாவின் காலுக்குப் பந்து வந்தது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று ஞானம்மா சொல்லித்தான் தெரியும். தகரத்தின் மேல் ஏறி நின்று கத்தியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை. மறுநாள் பெரட்டில் கிராணி என் பெயரைக் கூப்பிட்டபோது பதில் சொல்லக் குரல் வரவில்லை. "நேத்து ரெஃப்ரியத் திட்டினது நீதானாக்கா? அந்தாளு இன்னும் காதத் தடவிக்கிட்டு இருக்கானாம்" என்று பின்னால் இருந்து ஒருத்தி சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் இது என் தோட்டம் ஆனது. உன் படத்தில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வாயைத் திறந்து கத்துகிற அந்த வெள்ளைக்காரக் கிழவியைச் செலின் பைத்தியம் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

(நான் பைத்தியம் என்று சொன்னது உண்மை. அம்மா தகரத்தின் மேல் ஏறினார் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.)

அந்தக் கூட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கூலிமில் நடந்த ஆட்டத்தில் உன் அப்பாவின் முழங்கால் போனது. நீ அப்போது ஆறாம் வகுப்பு. கூட்டம் அவரைத் தோளில் தூக்கி வந்தது, பெண்கள் அழுதார்கள், நான்கூட நம் வீட்டு ஆளை இவ்வளவு பேர் நேசிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். திடலிலிருந்து அதே கூச்சல் வந்தது. அவருடைய சட்டையை, அதே எண்ணோடு, வேறு ஒருவன் போட்டுக்கொண்டு கோல் போட்டிருந்தான். உன் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தக் கூச்சல் என் காதில் பல வருடம் இருந்தது. கூட்டம் சட்டையைத்தான் நேசிக்கும், உள்ளே இருக்கிறவனை அல்ல என்று முடிவு கட்டினேன். என் பிள்ளையை அந்தப் பக்கம் விடமாட்டேன் என்றும்.

அடுத்ததாக வருவதுதான் நான் செய்த தப்பு. நீ பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படித்தபோது, அலோர் ஸ்டாரில் விடுமுறைக் காற்பந்துப் பயிற்சிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்க ஆட்கள் பள்ளிக்கு வந்து உங்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். தேர்வானவர்களின் வீட்டுக்குக் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ தினமும் பள்ளி விட்டு வந்து சட்டை மாற்றுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "பெரட்டுல கடுதாசி வந்துச்சாம்மா?" என்று கேட்பாய். நான் இல்லை என்பேன். இரண்டு வாரம் கேட்டாய். ராசா, கடிதம் மூன்றாம் நாளே வந்துவிட்டது.

(அண்ணா, இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். "இத எழுத வேணாம்மா. அண்ணன் என்னையும்ல கோவிச்சுக்குவாரு" என்றேன். அம்மா, "நீ அப்ப சின்னப்புள்ள. பழி எம்பேருல எழுது. ஆனா எழுது" என்றார். உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று மேலே சொல்லிவிட்டேன், அதனால் என் பங்கையும் எழுதுகிறேன். கடிதம் மலாயில் இருந்தது. அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியது நான்தான். அப்போது நான் நாலாம் வகுப்பு. 'தெர்பிலே' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அதற்கு அர்த்தம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணனுக்குச் சொல்லாதே என்று அம்மா சொன்னார், நான் சொல்லவில்லை. ஐந்து வருடம் சொல்லவில்லை. நீங்கள் வாங்கித் தந்த புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.)

கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தது. நான் அதை மடித்து அடுப்பில் வைத்தேன். தேநீர்த் தண்ணீர் அதில்தான் கொதித்தது. விளையாட்டு வாத்தியார் கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் அந்த விடுமுறையோடு ஜித்ராவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன், அதற்குப் போய்! ஒருநாள் நீ கேட்பதை நிறுத்தினாய். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் திடல் பக்கமே போகவில்லை. கூட்டம் பிடிக்காது என்றாய். புத்தகத்தோடு உட்கார்ந்தாய். "உம்புள்ள மாதிரி அடக்கமான புள்ள இந்தத் தோட்டத்துல இல்ல" என்று எல்லாரும் சொன்னபோது அந்த நல்ல பேரையும் நானே வாங்கிக்கொண்டேன். அதனால்தானே இவ்வளவு தூரம் படித்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இருக்கலாம். ஆனால் பந்தும் புத்தகமும் இரண்டும் உனக்கு வந்திருக்கலாம். உன்னைக் கேட்காமல் ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தவள் நான்.

அப்போது நான் மறந்துபோன ஒன்று உண்டு. அதை மறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை எரித்திருக்க மாட்டேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது அவருக்கு ஒதுக்கிய மர வரிசை, அவருடைய நிரை, வெட்டாமல் கிடந்திருந்தால் வேறு ஆளுக்குப் போயிருக்கும். அவரோடு ஆடிய பத்துப் பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, நாளுக்கு இரண்டு பேராக, தங்கள் மரங்களை வெட்டி முடித்த கையோடு அவருடைய மரங்களையும் வெட்டினார்கள். அவர் ஊன்றி நடக்கும் வரைக்கும். எங்களிடம் சொல்லவே இல்லை. ஒருநாள் நான் நன்றி சொல்லப் போனால், "கோல்கீப்பருக்குச் சொல்லுங்கக்கா, அவன்தான் நல்லா தூங்குறவன், அவன எழுப்புறதுதான் எங்களுக்குப் பெரிய வேல" என்றார்கள். அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டவனும் அந்தப் பத்தில் ஒருவன். நான் கூச்சலையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இந்தப் பத்துப் பேரைப் பார்க்காமல் விட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெரிய திடல் உன்னை அறியாது. அதை எதிர்பார்த்துப் போகாதே. சின்ன இடத்தில் உன்னைத் தேடி வரும் ஆட்களை இடமே உனக்குத் தந்துவிடும். பெரிய இடத்தில் அவர்களை நீதான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம், அந்த ஒரு வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும். நீ அந்த முட்டைப் பந்தை ஆட வேண்டும் என்பதில்லை. உன் படத்தில் மேளம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் இருக்கிறான். சேர்ந்து வேர்வை சிந்துகிற இடம் எதுவோ அங்கே போய் நில். ஒரு திங்கட்கிழமை நீ வகுப்புக்கு வரவில்லை என்றால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று இரண்டு இடத்தையும் கேட்டுப் பார். படத்தில் அது இருக்காது. அங்கே படிக்கிற நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு எழுதிக் கேள்.

அதற்குப் பிறகும் சோளக்காட்டுக் கல்லூரிதான் உனக்குப் பிடிக்கிறது என்றால் சந்தோஷமாகப் போ. அங்கே எந்தப் பேரை உனக்கு வைத்தாலும், முதல் வாரத்திலேயே பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு. ஆனால் யாரும் எடுக்காதவன் என்பதால் மட்டும் அங்கே போகாதே. அது பொய். உன்னை எடுத்தார்கள். பெயர், வயது, பள்ளி எல்லாம் தட்டச்சில் அடித்து, முத்திரை வைத்து எடுத்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய். என் ஆசையைக் கேட்டால் சொல்வேன்: ஒரே ஒரு சனிக்கிழமையாவது அந்தத் திடலில் நின்று, மறுநாள் குரல் வராத அளவுக்கு நீ கத்த வேண்டும்.

(அண்ணா, இதுவரை எழுதியதை அம்மா உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்து நிமிர்ந்தால் அப்பா வாசலில் நிற்கிறார். கிளப்பில் தொலைக்காட்சி பார்த்துவிட்டு எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. அவருக்கும் இன்றுதான் தெரியும். "நெசமாவே எடுத்தாங்களா?" என்று என்னிடம் கேட்டார். "ஆமாப்பா. முத்திரை எல்லாம் இருந்துச்சு" என்றேன். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. திரும்பி வெளியே போனார். கோபத்தில் போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், ஞானம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டு அப்பா கத்துகிறார்: "அண்ணே! எம்மவன அலோர் ஸ்டாருக்கு எடுத்திருக்காங்க!" உள்ளேயிருந்து ஞானம்மாவின் புருஷன், "எப்போ லா?" என்றார். "அஞ்சு வருசத்துக்கு முன்ன!" "இப்பத்தான் கடுதாசி வந்துச்சா? போஸ்ட்மேன் என்ன, தவழ்ந்தே வந்தானா?"  அப்பா மறுபடியும், "எடுத்திருக்காங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். அவர் அழுதாரா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அம்மா அழுதார்.

சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் பேசவில்லை. குழம்பை என்னிடம்தான் கேட்டார். இதையும் எழுத வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். "எழுது" என்றார்.)

ராசா, உனக்குக் கோபம் வரும். வந்தால் கோபமாகவே எழுது. செலின் அதை மாற்றாமல் படித்துக் காட்டுவாள். எந்த இடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாய் என்பதையும் அதே கடிதத்தில் எழுது. இனி உன் பெயருக்கு எது வந்தாலும் உன் கைக்கு வரும்.

(அம்மா பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினார். நான் உறையை ஒட்டப் போகும்போது, "நாளைக்குப் பெரட்டுல கிராணிகிட்ட நான் குடுத்துடுறேன்" என்றார். கட்டிலிலிருந்து அப்பா சொன்னார்: "நீ ஒண்ணும் குடுக்க வேணாம் லா. தபால் விஷயத்துல உன்ன நம்ப முடியாது. நானே சுங்கைப்பட்டாணிக்குப் போயி பெட்டியில போட்டுட்டு வாரேன்." சாயங்காலத்திலிருந்து அப்பா அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு இது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இதைச் சேர்க்கத்தான் உறையிலிருந்து காகிதத்தைத் திரும்ப எடுத்தேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள் அண்ணா, தோட்டத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.)